பதிவுக்குக் கடைசி நாள்

டிலக்சனாவுக்கு ஏப்ரலில் இடம் கிடைத்தது. ஜெர்மனியின் கிழக்கே ஒரு சிறிய நகரத்துப் பல்கலைக்கழகம். தொற்றுநோயியலில் முதுகலை, பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில், கட்டணம் இல்லை.

அவள் குளிர்காலம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்த இடம் அது. லண்டனில் அதே படிப்புக்கு அவளிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்டார்கள். பதினான்கு வயதில் மன்னாரிலிருந்து வந்து வடலண்டன் எட்மண்டனில் பள்ளி முடித்தவள். ஆனால் நிரந்தர வதிவிடம் இல்லை, இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விசாதான். அதனால் கல்விக் கடனும் இல்லை. முதல் பட்டத்தை ஒரு புலமைப்பரிசிலில் முடித்தாள். மேற்படிப்புக்கு அப்படி ஒன்றும் அகப்படவில்லை. ஸ்கொட்லாந்தில் விசாரித்தாள், அங்கும் அதே பதில்.

ஜூலையில் ஜெர்மன் விசாவும் கிடைத்துவிட்டது. அப்பா யாக்கோப்பு பெற்றோல் நிலையத்தில் வேலை முடிந்து வரும்போது ஒரு நீலப் பெட்டியோடு வந்தார். "சில்லு நல்லா ஓடுது, பார்," என்று வரவேற்பறையில் அதை இழுத்துக் காட்டினார்.

வராமல் கிடந்தது இங்கிலாந்து விசா மட்டுந்தான். அப்பா, அம்மா, அவள் என மூன்று பேருக்கும் சேர்த்துப் புதுப்பிக்கச் சொல்லிப் பெப்ரவரியில் விண்ணப்பித்திருந்தார்கள். ஓகஸ்ட் முடிந்தும் பதில் இல்லை. டிலக்சனா வெம்பிளிக்குப் போய் வழக்கறிஞர் சுவர்ணாவைப் பார்த்தாள்.

"பதில் வராமல் நான் வெளிக்கிட்டா என்ன அக்கா நடக்கும்?"

"போகலாம் தங்கச்சி, ஒருத்தரும் மறிக்கமாட்டினம். ஆனா நாட்டை விட்டு வெளிய போன உடனே, விண்ணப்பத்தை நீங்களே திருப்பி வாங்கினதாத்தான் எடுப்பினம். பிறகு இங்க வாறதுக்கு உங்களிட்ட ஒரு பேப்பரும் இராது."

"எவ்வளவு நாளில பதில் வரும்?"

"எனக்குத் தெரிஞ்சா சொல்லமாட்டனே?"

அதன் பிறகு அவள் செய்யாதது ஒன்றுமில்லை. தொலைபேசியில் நாற்பது நிமிடம் காத்திருந்தால் 'பரிசீலனையில் உள்ளது' என்றார்கள். பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் ஓர் இளைஞன் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டான். மூன்று வாரம் கழித்து அவன் அனுப்பிய பதிலிலும் அதே இரண்டு சொற்கள் இருந்தன. முதல் மாதங்களை இணையவழியில் படிக்கலாமா என்று பல்கலைக்கழகத்திடம் கேட்டாள். ஒக்டோபர் பதினைந்துக்குள் நேரில் வந்து பதிய வேண்டும் என்று எழுதினார்கள்.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிடும்போது யாக்கோப்பு சொன்னார், "நீ போ பிள்ளை. படிப்பை விடாத."

"திரும்பி வர ஏலாது அப்பா."

"வராட்டி என்ன, நாங்கள் வந்து பாக்கிறம். ரெண்டு மணித்தியாலப் பிளைட்தானே."

டிலக்சனா தட்டைப் பார்த்தபடி சொன்னாள், "உங்கட விண்ணப்பமும் அதுக்குள்ளதான் அப்பா கிடக்கு. நீங்களும் வெளிக்கிட ஏலாது."

அவர் அதை மறந்திருந்தார். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "ஓம், என்ன," என்றார். பிறகு எழுந்து கை கழுவினார்.

அம்மா றோஸ்மலர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. முதியோர் இல்லத்துச் சலவையறையில் வேலை பார்ப்பவர். அந்த மாதம் முழுக்கக் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

ஒக்டோபர் பதினான்காம் தேதி மத்தியானம் வரை டிலக்சனா பார்த்தாள். மின்னஞ்சலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். இரண்டு மணிக்கு மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து, வர இயலவில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதத் தொடங்கினாள். காரணத்தை எழுதினாள், நீளமாக இருந்தது, அழித்தாள். மூன்று வரியில் முடித்தாள்.

றோஸ்மலர் வேலை உடுப்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அனுப்பிட்டியே?"

"இன்னும் இல்லை. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே அம்மா. ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்."

"நான் போ எண்டா நீ போயிருவாய். இரு எண்டா இருந்திருவாய்." அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டில எதைச் சொல்லியும் பிறகு என்னால இருக்க ஏலாது பிள்ளை. அதுதான் வாயே திறக்கேல்லை."

டிலக்சனா அனுப்பினாள்.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. மிகவும் வருந்துவதாகவும், இடத்தை அடுத்த வருடத்துக்கு வைத்திருக்க விதியில்லை என்றும், வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் ஒரு பெண் எழுதியிருந்தார். டிலக்சனா அதைத் தமிழில் சொன்னாள்.

"அடுத்த வருஷத்துக்குள்ள விசா வந்திருமே?" என்று றோஸ்மலர் கேட்டார்.

"தெரியாது அம்மா."

மாலை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை இருந்தது. வருகிற இரத்த மாதிரிகளைப் பெயர் பார்த்துப் பிரித்துவைக்கிற பகுதிநேர வேலை. ஒக்டோபர் நடுப்பகுதியோடு வேலையை விடுவதாக மேலாளரிடம் சொல்லியிருந்தாள். விடவில்லை என்று இன்றைக்குச் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்று யோசித்தபடி பஸ்ஸுக்கு நடந்தாள்.