நாலாவது மாலையின் கணுக்கால்

பிள்ளைகளின் கணுக்கால் விஷயத்தில் டிராக்டன் ஊரில் கெர்லோஃப்பை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொன்னவர் கெர்லோஃப்தான். தொழிலில் பிசியோதெரபிஸ்ட், பள்ளியின் நடைக் குழுத் தலைவரும் அவரே. கோடை தொடங்கும்போது ஊர்ப் பிள்ளைகள் தொடர்ந்து நாலு மாலை நடந்து பதக்கம் வாங்குவார்கள். அதற்கு முன் பெற்றோரைக் கூட்டி, திரையில் படம் போட்டு முழங்குவது அவர் வழக்கம்.

"பெரியவங்களுக்குத் தசைநார் பிசகும். பிள்ளைங்களுக்கு எலும்போட வளர்ற ஓரம்தான் முதல்ல விட்டுக்கொடுக்கும். கணு எலும்பை அமுக்குங்க. கத்தினா நேரா எக்ஸ்ரே. சுளுக்குன்னு சமாளிக்கிற அப்பன நம்பாதீங்க!"

கைதட்டல் பலமாகவே இருந்தது.

மூன்றாம் மாலை அவருடைய ஒன்பது வயது மகள் ஹிஸ்கே நடைபாதை விளிம்பில் கால் மடங்கி விழுந்தாள். வீட்டுக்கு வந்ததும் கெர்லோஃப் கணு எலும்பை அமுக்கினார். அவள் கத்தினாள்.

"சுளுக்குதான்," என்றார்.

மறுநாள் கடைசி மாலை. கொடி பிடித்து முன்னால் போகிறவர் அவர். முழங்கிய மனிதரின் மகளே சோபாவில் கால் நீட்டிக் கிடந்தால் ஊர் சும்மா இருக்குமா? கண்காட்சியில் வைக்கலாம் போல அத்தனை அழகாக நீல டேப்பைச் சுற்றி ஒட்டினார்.

"வலிக்குதுப்பா."

"நடந்தா சரியாயிடும். நடிக்காத, கண்ணு."

அதற்குப் பிறகு அவள் வலி என்ற பேச்சையே எடுக்கவில்லை. குணமாகிவிட்டது என்று முடிவு கட்டினார். நிபுணர் அல்லவா.

பாண்டு முழங்க, பிள்ளைகள் நடை நாளின் வழக்கப்படி எலுமிச்சையை உறிஞ்சிக்கொண்டு நடந்தார்கள். கால்வாய்ப் பாலத்தருகே ஹிஸ்கே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்புத் தோழியின் தாய் ஆவ்கே அவள் பக்கத்தில் குந்தினாள்.

"தலைவரே, உங்க பொண்ணு படுத்துருவா போல. எலும்ப அமுக்கிப் பாக்கட்டுமா? நீங்க சொல்லிக்குடுத்ததுதானே."

"வேண்டாம், ஆவ்கே."

"ஏன், கத்திருவாளா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, குழந்தையைத் தன் சைக்கிளின் முன்னால் இருந்த பெரிய பெட்டியில் தூக்கி வைத்தாள். கொடியை எங்கே வைப்பதென்று தெரியாமல், அதையும் பிடித்துக்கொண்டே மருத்துவமனை வரை பின்னால் ஓடினார் கெர்லோஃப். வழியில் இரண்டு பேர் அவருக்குக் கையசைத்து வாழ்த்துச் சொன்னார்கள்.

எக்ஸ்ரே பார்த்த இளம் டாக்டரம்மா, "வளர்ற ஓரத்துல அடி. கட்டுப் போட்டா ஆறிடும்," என்றாள். "டேப் பிரமாதம். யார் ஒட்டினது?"

"நானே," என்றாள் ஹிஸ்கே சட்டென்று.

"இல்ல, நான்தான்," என்றார் கெர்லோஃப். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

டாக்டரம்மா அவரை ஒருகணம் பார்த்துவிட்டு, குழந்தையின் காலை மெல்லத் தொட்டாள். "இங்க வலிக்குதா?"

கால் வெடுக்கென்று துள்ளியது. ஆனால் ஹிஸ்கே பதில் சொல்லும் முன் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சாலையைக் கடக்குமுன் விளக்கைப் பார்ப்பது போல.

"கொஞ்சம்தான்," என்றாள்.

கெர்லோஃப் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"இப்பச் சொல்லு, தங்கம்," என்றது உள்ளிருந்து டாக்டரம்மாவின் குரல்.

பிறகு நடைக்கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுகை வெடித்தது.

"ரொம்ப வலிக்குது! நேத்துலேர்ந்து ரொம்ப வலிக்குது!"

திரும்பியவர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் அங்கேயே நின்றார்.