முப்பத்தொன்றாம் பெட்டி

சரியாகப் பார்க்காமல் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை, இன்னொருவர் பிழைப்பைக் கெடுத்திருக்கிறதா?

பிரேசிலின் சாவோ ஜோஸேயில் விமானப் பட்டறைகளுக்குப் போனில் சாஃப்ட்வேர் உதவி சொல்வது என் வேலை. தூர வடக்கே, என் ஊர் பெலேமிலிருந்து தனியாக வந்து ஒன்பது வருடம். இங்கே என்னைக் கிண்டல் செய்யும் ஒரே ஆள் ஜுராந்திர் அண்ணன். பட்டறை மெக்கானிக். முகம் பார்த்ததில்லை.

"என்ன நசாரே, இன்னிக்கும் உங்க ஊரு வழக்கப்படி அசாயீப் பழக் கூழுக்கு மீனுதானா? சாமி மன்னிக்காது தங்கச்சி."

"நீங்க அதுல சர்க்கரையக் கொட்டுறதத்தான் மன்னிக்காது."

அவர் சிரித்தார். "சரி, இது பழைய பிளேன். செட்டிங் ஏதாச்சும் மாத்தணுமா?"

"வேணாம்ணே. சாஃப்ட்வேருக்குப் பழசு, புதுசு ரெண்டு முறையும் தெரியும். அப்படியே ஓட்டுங்க."

விமானத்தின் மின்னணுப் பெட்டிகளெல்லாம் ஒரே கம்பியில் பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பழைய முறையில் முப்பத்தொன்று ஒரு பெட்டியின் எண். புதிய முறையில் அது எல்லோருக்குமான அறிவிப்பு. யாரும் பதில் சொல்லக் கூடாது. எங்கள் சாஃப்ட்வேருக்கு இரண்டும் தெரியும்தான். ஆனால் எது என்று நாம் சொல்லாவிட்டால் புதியது என்றே எடுத்துக்கொள்ளும். முப்பத்தொன்றாம் பெட்டி ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. எங்கள் சாஃப்ட்வேர் அதைக் கேட்கவேயில்லை. செத்துவிட்டது என்று நினைத்து, அண்ணன் முத்திரையை உடைத்துத் திறந்துவிட்டார். முத்திரை உடைந்த பெட்டி பறக்க முடியாது. விமானம் மூன்று வாரம் தரையில்.

"இன்னிக்கு நாலு மணிக்கு விசாரணை," என்றார் மறுபடி அழைத்து. இந்த முறை கிண்டல் இல்லை. "நீ சொல்லித்தான் ஓட்டினேன்னு ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு தங்கச்சி. இருபத்திரெண்டு வருஷ வேலை."

என் மேலாளர் க்ளூசா அம்மாவிடம் போனேன்.

"போன்ல சொன்னதுக்கு சாட்சி ஏதுடி? பழைய பிளேனுக்கு செட்டிங் மாத்தணும்னு மேனுவல்ல நாப்பதாம் பக்கத்துல இருக்கு. படிக்காதது அவன் தப்பு. எழுதினீன்னா, நாளைக்கு நீ பெலேமுக்கு பஸ் ஏறிக்கோ."

எழுதினேன். இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அனுப்பவில்லை. மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. பட்டறை எண். அடித்து ஓயும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குப் பிறகு அடிக்கவில்லை.

மறுநாள் காலை அதே எண்ணிலிருந்து வேறொரு குரல் பேசியது. "இனி நான்தான் மேடம். இது பழைய பிளேன். செட்டிங் ஏதாச்சும் மாத்தணுமா?"

நாற்பதாம் பக்கம் என்றேன்.