மூக்கைப் பிடித்து இழுத்த ரொட்டி

நான் சுட்ட ரொட்டி ஒன்று, மூடுபனிக்குள் தொலைந்துபோன எண்பத்தெட்டு கிலோ மனிதர் ஒருவரை, மூக்கணாங்கயிறு போட்ட காளை மாதிரி ஏழு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்து என் அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தது. எங்கள் குடியிருப்பில் இதை யாரிடம் சொன்னாலும் காதைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள், பூ ஏதும் சுற்றிவிட்டேனா என்று. தடவட்டும். நடந்தது நடந்ததுதான்.

முப்பத்துநாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஒரு நகரத்தையே ஏற்றி இறக்கியவன் நான். ஓய்வு பெற்ற மறுநாளே சொந்தக் காலில் ஏறத் தொடங்கினேன். மாதம் ஒரு மலை. கூட வருவது என் நண்பன் விசில். கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவன், கழுத்தில் தொங்கும் அந்தச் சாமானைக் குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. மேலே போவோம், கூடாரம் அடிப்போம், விறகு பொறுக்கித் தீ மூட்டிச் சமைப்போம், மறுநாள் இறங்கிவிடுவோம். சூப்பு, கிழங்கு எல்லாம் எவனும் வேகவைப்பான். ரொட்டி சுடுவதுதான் வித்தை. கனமான இரும்புப் பானைக்குள் மாவை வைத்து, அடியில் கொஞ்சம் தணல், மூடிமேல் நிறையத் தணல். திறந்து பார்க்கக் கூடாது. மூக்கால்தான் பார்க்க வேண்டும்.

போன தடவை இறங்கும்போது கணுக்கால் பிசகி ஆறு நாள் படுத்துவிட்டேன். நான் வழுக்கவில்லை, மலைதான் ஒரு முழம் நகர்ந்தது என்று வீட்டில் விளக்கினேன். என் மனைவி சிரிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டாள். மகள் மாமனாரோடு வந்து இறங்கினாள்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் பெண் பார்க்க வந்த அன்றே சுவர்க் கடிகாரம் நாலு நிமிடம் பிந்துகிறது என்று சொன்ன மனிதர். நான் பேசும்போதெல்லாம் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக் கேட்பார். அந்தப் புருவத்துக்காகவே நான் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்வேன் என்பது வேறு விஷயம்.

"அப்பா, இனிமே மலை கிலையெல்லாம் வேணாம்" என்றாள் மகள்.

"மலை மட்டும்தானே ஏறுறேன். கிலை எங்கம்மா இருக்கு?"

"பாருங்கண்ணா, எதுக்கும் இந்த நையாண்டிதான்" என்று என் மனைவி சம்பந்தியிடம் முறையிட்டாள். "கால் வலிக்கலைங்கிறாரு, ரொட்டி சுடுறேங்கிறாரு, எதை நம்புறது? ஒரு தடவை நீங்க கூடப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க போகலாம்னா போகட்டும். இல்லேன்னா அந்தப் பானையைப் பழைய இரும்புக்குப் போட்டுடறேன்."

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "எனக்கு ரெண்டே விஷயம் தெரிஞ்சாப் போதும். கால் நிக்குதா? அந்த ரொட்டி நிஜமா? மேல ரொட்டியைத் தின்னு பாத்தா மத்ததையும் நம்புறேன். அது சரடுன்னா எல்லாமே சரடு."

வாழ்க்கையில் ஒரு பொய் முத்திரை குத்தாத கை அது. என் கால்களின் தலையெழுத்து அந்தக் கையில் போய்ச் சேர்ந்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்று பேராக ஏறினோம். கணுக்கால் இரண்டு இடத்தில் முனகியது; சத்தமாகப் பாடி அதை மறைத்தேன். சம்பந்தி பாட்டைக் கேட்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். வெளிச்சம் இருக்கும்போதே தீ மூட்டி, காய்கறி சூப்பு வைத்துக் குடித்தோம். பிறகு நான் மாவைப் பிசைந்து ஈஸ்ட் போட்டு, துணியில் சுற்றி, கூடாரத்தில் எனக்கும் அவருக்கும் நடுவில் கிடத்தினேன். குளிரில் மாவு உப்பாது, உடம்புச் சூடு வேண்டும்.

"இது என்ன சம்பந்தி, கைக்குழந்தை மாதிரி?"

"புரண்டு படுத்துடாதீங்க. பேரனை நசுக்கின பாவம் வரும்."

காலையில் அவர் கை துணிமேல் அணைத்தாற்போலக் கிடந்தது. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். மாவு இரண்டு மடங்காகியிருந்தது. நான் நாலு மடங்கு என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

மாவைத் தட்டி, வெண்ணெய் பூசி, பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவிச் சுருட்டிப் பானையில் அடுக்கி, மூடித் தணலில் வைத்தேன். சம்பந்தி தண்ணீர்ப் புட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதையோரம் ஒரு பலகை நட்டிருந்தது: ஊற்று, நானூறு மீட்டர். அதைப் பார்த்ததுமே அவர் புருவம் ஏறிவிட்டது.

"என் காலடி ஒண்ணு எழுபது சென்டிமீட்டர். அப்ப ஐந்நூத்து எழுபத்தோரு காலடியில ஊத்து வரணும். வருதான்னு பாத்துடறேன்."

"பலகைக்கு முத்திரை குத்தப் போறாராம்" என்றான் விசில்.

அவர் குனிந்த தலை நிமிராமல், உதடு அசைய எண்ணிக்கொண்டே போனார். மனிதர் என்றால் பாதையைப் பார்த்து நடப்பார். அவர் எண்ணிக்கையைப் பார்த்து நடந்தார். சிறிது நேரத்தில் பள்ளத்திலிருந்து மூடுபனி எழுந்து வந்தது. பால் பொங்குகிற மாதிரி என்பார்களே, அப்படி. என் கையை நீட்டினால் விரல் யாருடையது என்று தெரியவில்லை.

அரைமணி ஆயிற்று. ஊற்றுப் பாதை இரண்டாகப் பிரியும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. இடதுபுறம் போனால் செங்குத்துச் சரிவு.

"சம்பந்தீ!" என்று கத்தினேன். குரல் பாறையில் மோதி நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. விசில் கன்னம் புடைக்க ஊதினான். அந்தச் சத்தமும் அப்படியே. எங்கோ கீழே, மெல்லியதாக, "எந்தப் பக்கம்யா?" என்று கேட்டது. கேட்ட திசையை எங்களாலும் சொல்ல முடியவில்லை.

"அங்கேயே உக்காருங்க! நகராதீங்க!" என்றேன். கேட்டதோ இல்லையோ. உருண்ட கல் ஒன்றின் சத்தம் வந்தது. அவர் நகர்ந்துகொண்டிருந்தார். மகளிடம் போய் என்ன சொல்வேன்? உன் மாமனார் எண்ணிக்கொண்டே போய்விட்டார் என்றா?

அப்போதுதான் ரொட்டி வாசனை என்னைத் தொட்டது. பொன்னிறத்துக்கு இன்னும் மூன்று நிமிடம் என்கிற வாசனை. புகையைப் பார்த்தேன். இல்லாத மாதிரி இருந்த ஒரு காற்று அதை நேராக ஊற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. சத்தம் நாலு பக்கமிருந்தும் வருகிறது. வாசனை ஒரே பக்கத்திலிருந்துதான் வரும்.

மூடியைத் தூக்கினேன். என் வாழ்நாளில் சுட்ட ரொட்டிகளிலேயே அழகானது உள்ளே உட்கார்ந்திருந்தது. எடுத்து வைத்தால் என் சாட்சி பத்திரம். இன்னும் பத்து வருடம் மலை.

"எடுடா, கருகிடப் போகுது" என்றான் விசில்.

"கருகட்டும்."

இருந்த தணல் முழுவதையும் பானைக்கு அடியில் தள்ளினேன். மிச்சமிருந்த வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூள் அத்தனையையும் ரொட்டிமேல் கொட்டினேன். சர்க்கரை குமிழியிட்டுப் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, ஒரு வாசனை எழுந்தது பாருங்கள். மிட்டாய்க் கடை ஒன்று தீப்பிடித்தால்தான் அப்படி வரும். தட்டை எடுத்து விசிறினேன். விசில் தன் சட்டையைக் கழற்றி விசிறினான். "வாசனை வர்ற பக்கமா வாங்க! மூக்கு இழுக்கிற பக்கமா வாங்க!" என்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கணக்கில் மூன்று நாள். பனிக்குள் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. நிமிர்ந்த மூக்கு, மோப்பம் பிடித்துக்கொண்டு. பிறகு முழங்காலில் சேறும் கையில் காலிப் புட்டிகளுமாகச் சம்பந்தி முழுதாக வந்து சேர்ந்தார். அடுப்புக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார். அவர் முதுகைத் தேய்த்துவிட்டேன்.

"ரொட்டி எங்கே?" என்றார் கடைசியில்.

பானையைக் காட்டினேன். உள்ளே நிலக்கரி.

மதியம் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபிறகுதான் சிக்னல் கிடைத்தது. இறங்கும்போது நான் பாடவில்லை. என் கால் ஒழுங்காகவே நின்றது; சாட்சிதான் நிற்கவில்லை. கருகிய துண்டுகளைச் சம்பந்தி ஒரு பையில் போட்டுத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆய்வாளர்கள் தடயத்தை விடமாட்டார்கள்.

போன் அடித்தது. நிறுத்தத்துப் பெஞ்சில் அதை நடுவில் வைத்தார் சம்பந்தி.

"அண்ணா, கால் எப்படி?" என் மனைவி.

"ஏறும்போது ரெண்டு எடத்துல வலிச்சுது. பாட்டுப் பாடி மறைச்சார். இறங்கும்போது நல்லா இருந்துச்சு."

"ரொட்டி?"

"கரிக்கட்டை."

நான் பேருந்து வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போனில் அவளுக்குப் பின்னாலிருந்து மகள் குரல், "நான்தான் சொன்னேனே."

"அது கருகினதே உங்களுக்காகத்தான்னு விசில் சொல்றாரேண்ணா!" என்றாள் என் மனைவி. பயல் எனக்கு முன்னாலேயே குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறான். "பனியில வழி தெரியாமப் போனீங்களாம், வாசனையை வச்சே ஏழு கிலோமீட்டர் வந்தீங்களாம். இது எந்த ஊர்ப் புளுகுண்ணா? இவர் சொல்லிக் கொடுத்ததுதானே?"

சம்பந்தி பைக்குள் கையை விட்டு ஒரு துண்டை எடுத்து, கறுப்பைச் சுரண்டிவிட்டு வாயில் போட்டார். நடுவில் எங்கோ கொஞ்சம் ரொட்டி மிச்சமிருந்திருக்க வேண்டும். நிதானமாக மென்றார். மீசையெல்லாம் கரி.

"ஏழு கிலோமீட்டர் பொய்ம்மா" என்றார். "முந்நூத்துப் பன்னிரண்டு காலடி. திரும்பி வர்றப்பவும் எண்ணினேன்."

மீசைக் கரியைத் துடைத்துக்கொண்டார்.

"மத்தது நடந்துச்சு" என்றார், அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே.