பன்னிரண்டு மணிக்கு முன் ஒரு வாய்

...ஒரு வாய்தானே, அதுவும் கோஸின் உள்குருத்து ஒரே ஒரு இலை, அதை விழுங்கியிருந்தால் என்ன குடியா முழுகிப் போயிருக்கும் என்று போரமுக்குத் தோன்றியது, துப்பிய பிறகுதான் தோன்றித் தொலைத்தது. கொல்லைப்புறக் குழாயடியில் குனிந்து நின்றாள், சிவப்பாக ஒரு உருண்டை தண்ணீரோடு உருண்டு சாக்கடைச் சல்லடையில் போய் மாட்டிக்கொண்டது, செருப்புக் காலால் அதைத் தள்ளிவிட்டாள், யாராவது பார்த்தார்களா, இல்லை, எல்லோரும் முன்முற்றத்தில்தான்... வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள், அப்போதுதான் நாக்கின் அடியில் அது ஏறியது, உப்பு, சாதாரண உப்பா அது, கரிக்கிற உப்பு, கடல்தண்ணீரைக் குடித்த மாதிரி. ஐயோ. கிம்ச்சி மசாலாவில் நெத்திலிச் சாற்றை அத்தை இரண்டு தடவை ஊற்றிவிட்டாளோ? "சரியா இருக்கு அத்தை" என்று சொல்லிவிட்டல்லவா வந்திருக்கிறாள், கசப்பு மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டி... அத்தையின் முகம் அப்படியே மலர்ந்துபோனதே.

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அத்தையின் நாக்கு போன வசந்தகாலத்துக் காய்ச்சலோடு போய்விட்டது, உப்பும் தெரியாது, உறைப்பும் தெரியாது, அது இந்த வீட்டில் போரமுக்கு மட்டும்தான் தெரியும், அத்தை பெற்ற பிள்ளை, போரமின் புருஷன் கிதேவுக்கே தெரியாது. இன்று காலை குவாங்ஜுவிலிருந்து வந்து இறங்கி, கிதே காலி டப்பாக்களை இறக்கிக்கொண்டிருந்தபோது, அடுக்களைக்குள் இழுத்துப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள் அத்தை. "போரம்மா, இன்னிக்கு நீதான் எனக்கு நாக்கு. அவகிட்ட மட்டும் மூச்சு விட்றாத, என்ன?" அவள் என்றால் சின்னத்தை, அத்தையின் ஓரகத்தி கேசுக். மூன்று வருஷமாக ஒரே பாட்டு, எதுக்கு அக்கா இந்த வயசுல இடுப்பு ஒடிய நூறு கோஸை ஊறப்போட்டுக் கழுவி, கடையில ரெடியா விக்கிறானே, அடுத்த வருஷத்துலேர்ந்து வாங்கிக்கலாம் என்று. அத்தைக்கு இருப்பது வருஷத்தில் இந்த ஒரு நாள், பிள்ளைகள், மருமகள்கள், கொழுந்தனார் வீடு எல்லோரும் நாஜுவில் இந்த வீட்டுக்கு வந்து, பனிக்காலம் முழுக்கத் தின்கிற கிம்ச்சியை அவள் கைப்பக்குவத்தில் டப்பா டப்பாவாக வாங்கிக்கொண்டு போகிற நாள். இது போனால் அவளுக்கு என்ன மிச்சம், டிவியும் முட்டிவலியும்தான். "பயப்படாதீங்க அத்தை, நான் இருக்கேன்ல" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னாளே போரம்... இருந்து கிழித்தாள்.

அத்தை கொதிக்கக் கொதிக்க முள்ளங்கி இலை சூப் வைத்திருந்தாள், வழியிலேயே சாப்பிட்டுட்டோம் என்று போரம் பொய் சொன்னாள். விரதம் என்று சொல்லியிருக்கலாமே? எப்படிச் சொல்வது, பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரம் சாப்பாடு, கோடைகாலத்திலிருந்து இப்படித்தான் இருக்கேன் என்று சொன்னால், கேட்டவர்கள் முதலில் பார்ப்பது இடுப்பைத்தான். இருந்துமா இப்படி? அந்த ஒரு பார்வைக்கு பயந்துதான் வாயைத் திறப்பதில்லை. சுரங்கப்பாதைக் கடைத்தெருவில் துணிக்கடைப் பெண் ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, போரம் ஒரு கம்பளிச் சட்டையைத் தொடக்கூட இல்லை, கை நீட்டினாள், அவ்வளவுதான், "அக்கா, அது உங்களுக்கு ஏறாது" என்றாள், சாந்தமாக, உதவி செய்கிற குரலில், சட்டையில் ஃப்ரீ சைஸ் என்று எழுதியிருந்தது... அன்று வீட்டுக்குப் போய்த்தான் ஃபோனில் விரதக் கடிகாரத்தைப் போட்டாள், ஆபீஸ் பெண்களின் விரதக் குழுவில் சேர்ந்தாள், தினமும் மதியம் பன்னிரண்டுக்கு விரதம் முடிந்ததும் கடிகாரத்தைப் படம் பிடித்துப் போட வேண்டும், எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல், க்ரீம் பன்னை உறையோடு மடியில் மறைத்துவைத்துத் தின்ற நாட்கள்? அந்தப் படத்தை யாருக்குப் போட்டாள்? அங்கே வண்டிக்குள் உட்கார்ந்து விரதத்தை முறிக்கத் தெரிந்தவளுக்கு, இங்கே அத்தை கையால் ஊட்டிய ஒரு இலை தொண்டைக்குள் இறங்கவில்லை. ஏன்? சின்னத்தை பின்னாலிருந்து இடுப்பில் சப்பென்று ஒரு அடி போட்டதுதான் காரணம். "அடியே, உனக்கெல்லாம் எதுக்குடி பஞ்சு வச்ச சட்டை, உடம்புலயே தச்சு வச்சிருக்கியே!" எல்லோரும் சிரித்தார்கள், போரமும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்ய. அந்தச் சிரிப்பு அடங்குமுன்தான் அத்தையின் ரப்பர் கையுறை இலையைச் சுருட்டிக்கொண்டு வாய்க்கு வந்தது, அந்த நேரத்தில் வாய் எப்படித் திறக்கும்... திறந்தது, ஆனால் விழுங்கவில்லை, விழுங்கமாட்டேன், இதுங்க கண் முன்னால் ஒரு பருக்கை விழுங்கமாட்டேன் என்று என்னவோ ஒரு வீம்பு. யார் மேல் காட்ட வேண்டிய வீம்பை யார் தலையில் இறக்கியிருக்கிறாள்!

முற்றத்துக்குத் திரும்பி வந்தாள். தார்ப்பாயைச் சுற்றி எல்லோரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள், கோஸின் இலைகளை ஒவ்வொன்றாக விரித்துச் சிவப்பு மசாலாவைத் தடவுகிறார்கள், இன்னும் நாலைந்துதான் ஆகியிருக்கிறது, இப்போது சொன்னால்கூட ஒன்றும் கெட்டுப்போகாது, முள்ளங்கியை இன்னும் சீவிப் போட்டுக் கலந்தால் உப்பு இறங்கிவிடும், அத்தையே எத்தனை தடவை செய்து காட்டியிருக்கிறாள். சொல்லிவிடலாம். என்னவென்று? இப்பத்தான் உப்பு தெரிஞ்சுது அத்தை என்றா? இவ்வளவு நேரம் எங்கடி போயிருந்துச்சு உன் நாக்கு என்று சின்னத்தை கேட்பாள், அப்புறம் விரதம் வரும், விரதத்துக்குப் பின்னால் இடுப்பு வரும், இடுப்புக்குப் பின்னால் சிரிப்பு வரும்... இல்லாவிட்டால் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, ஆமாம், அதுதான் சரி, அந்தக் கோஸை முடித்துவிட்டு எழுந்திருக்கட்டும். முடித்தாள், எழுந்திருக்கவில்லை, இன்னொன்றை எடுத்தாள். சரி, இந்த டப்பா நிரம்பட்டும். டப்பா நிரம்பியது, கிதே தூக்கிக்கொண்டு போனான். அத்தை முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டுகூட இருந்தாள், பாவி மனுஷி, ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், நாம ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டோம் என்கிற மாதிரி. போரம் குனிந்துகொண்டு தானும் தடவினாள், கை பாட்டுக்குத் தடவுகிறது, மசாலா பாட்டுக்குக் குறைகிறது, சொல்லடி, இப்பச் சொல்லடி என்று உள்ளே ஒருத்தி கத்துகிறாள். மசாலாத் தொட்டியை வழித்தெடுக்கிற சத்தம் கேட்டபோது, அப்பாடா, இனிமேல் சொல்லிப் பயனில்லை என்று நிம்மதி வந்தது. நிம்மதியாம்! அதை நினைத்துத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அவித்த பன்றிக்கறியின் ஆவி முற்றம் முழுக்க அடித்தது, தட்டுகள் வந்தன, புதுக் கிம்ச்சியைக் கையாலேயே நீள நீளமாகக் கிழித்து வைத்தார்கள், சின்னத்தைதான் முதல் வாய். மென்றாள். நிறுத்தினாள். "அக்கா... என்னக்கா இது, கடலையே கொண்டாந்து ஊத்திட்டியா?" கிதே ஒரு துண்டு எடுத்தான், தண்ணீரைத் தேடினான். "சோத்தோட சேத்துத் தின்னா சரியாயிடும்மா" என்றான், அந்தச் சமாதானம்தான் இன்னும் மோசம். சின்னத்தை விடவில்லை, ஆனால் இப்போது குரல் இறங்கிவிட்டது, பரிதாபப்படுகிறாள், "போதும்க்கா. செஞ்சவரைக்கும் போதும். அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்க்கா." இப்போது அத்தை சொல்லப்போகிறாள், இவதான் ருசி பார்த்தா, இவளைக் கேளு என்று சொல்லப்போகிறாள், சொல்லட்டும், எல்லோரும் திரும்பட்டும், போரம் தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். "நான்தான் கேசுக், யாரையும் கேக்காம பாதியில இன்னொரு கரண்டி ஊத்திட்டேன்" என்றாள் அத்தை. "வயசாச்சுல்ல." அந்த நேரம் பார்த்து போரமின் சட்டைப்பையில் ஃபோன் டிங் டிங் என்று மணி அடித்தது, பன்னிரண்டு, சாப்பாட்டு நேரம் திறந்துவிட்டது, வாழ்த்துகள் என்று திரையில் வண்ணக் காகிதங்கள் பறக்கும், அவள் அதைப் பைக்குள்ளேயே இறுக்கிப் பிடித்தாள்.

அத்தை கையுறையைக் கழற்றியிருந்தாள். வெறுங்கையால் ஒரு துண்டுக் கறி, அதன் மேல் ஒரு இலை, சுருட்டினாள், தட்டுகளைத் தாண்டிச் சாய்ந்து வந்தாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில், "மணி அடிச்சிருச்சுல்ல? இப்ப முழுங்கலாமில்ல?" என்றாள். போரமுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. குழாயடிக்கு நேரே அடுக்களை ஜன்னல், அத்தை கரண்டி எடுக்க உள்ளே போயிருக்க வேண்டும்... பார்த்திருக்கிறாள். போன தடவை வந்தபோதும் இந்த மணி அடித்த பிறகுதானே போரம் தட்டைத் தொட்டாள், அதையும் கவனித்து வைத்திருக்கிறாள். பார்த்துமா அத்தனை கோஸையும் அடைத்தாள்? துப்பினாலும் ருசி பார்த்துத்தான் துப்பியிருப்பாள், சரியென்று சொன்னாளே என்று நம்பினாளா? இல்லை, மறுபடி கேட்டால் எல்லோர் முன்னாலும் இவள் மானம் போகும் என்று தன் மானத்தை... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. வாயைத் திறந்தாள். விரல்கள் உதட்டில் பட்டன, பூண்டு வாசனை, சூடான கறி. "எவ்வளவு உப்பு?" அத்தை கேட்டாள், கோபமில்லாமல், காலையில் கேட்ட அதே ஆவலோடு, "எனக்கு மட்டும் சொல்லு, ரொம்பவா? முள்ளங்கி சொருகினா தேறுமா?" சொல்ல வேண்டும், இந்தத் தடவையாவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று போரம் வேகமாகத் தலையாட்டினாள், வாயை மூடினாள், மென்றாள், பல்லுக்கு நடுவில் ஒன்றும் இல்லை, தன்னை அறியாமல் இலையை மறுபடியும் கன்னத்தில்தான் ஒதுக்கி வைத்திருக்கிறாள்.