இரண்டாவது பக்கம்

அவள் பஸ் கண்டக்டர். மகளுக்கு ஏழு வயது. நடை தாமதம், பேச்சும் தாமதம். அதற்குக் காரணம் அவள்தான் என்று நாத்தனார் என்றைக்கோ தீர்ப்பு எழுதிவிட்டாள். "எட்டு மாசம் வரைக்கும் பஸ்ல குலுங்கிக்கிட்டே நின்னா பிள்ளை வேற எப்படிப் பொறக்கும்?" யார் வீட்டுக்கு வந்தாலும் இதே பாட்டு. கணவன் காதில் விழாத மாதிரி செல்போனைத் தடவிக்கொண்டிருப்பான்.

கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, போன வருஷம் மூவரிடமும் ரத்தம் எடுத்த மரபணு டாக்டரம்மாவிடமே அனுப்பினார். முடிவு இன்னும் வரவில்லை என்றுதான் கணவன் சொல்லியிருந்தான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "நம்ம மரபணு இழை ஹிஸ்டோன்ங்கிற புரதத்து மேல நூல்கண்டு மாதிரி சுத்தியிருக்கும். இறுக்கமா இருக்கிற இடம் வேலை செய்யாது, தளர்ந்த இடம்தான் செய்யும். எங்க தளரணும்னு ஹிஸ்டோன்ல அடையாளம் போடுற நொதி ஒண்ணு இருக்கு. உங்க பொண்ணுக்கு அந்த நொதிக்கான மரபணுவுல பிழை. உங்ககிட்ட இல்ல, உங்க வீட்டுக்காரர்கிட்டயும் இல்ல. தானா வந்தது. நீங்க நின்னு வேலை பார்த்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா."

'சம்பந்தமே இல்ல' என்று அவள் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அதற்குள் அடுத்த வார்த்தை வந்து விழுந்தது.

"எட்டு மாசம் முன்னாடியே ரிப்போர்ட் கொடுத்தோமே? உங்க வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். இந்தப் பிழை காதையும் பாதிக்கலாம், உடனே பார்க்கணும்னு அதுல எழுதியிருந்தோம். இப்ப காதுக்குள்ள நீர் கோத்து, வலது காது பாதி கேட்கல."

வீட்டில் நாத்தனாரும் இருந்தாள். "ரிப்போர்ட் எங்க?" என்றாள் இவள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அவன் அலமாரியில் சட்டைகளுக்கு அடியிலிருந்து உறையை எடுத்தான். "முதல் பக்கத்துல உனக்கு இல்லன்னு இருந்துச்சு. அப்ப என்கிட்ட இருந்துதான்னு பயந்துட்டேன். மேல படிக்கல."

"ஏழு வருஷமா பழியை நான் சுமந்தேன். உங்களால எட்டு மாசம்கூட முடியலயா? அதுக்குப் பிள்ளையோட காதா விலை?"

"விடும்மா, ஏதோ பயந்துட்டான்..." என்றாள் நாத்தனார்.

"விட மாட்டேன் அண்ணி. யார் யார்கிட்ட என்னைப் பத்திச் சொன்னீங்களோ, அத்தனை பேர்கிட்டயும் நீங்களே போய் மாத்திச் சொல்லுங்க." கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க படிங்க. இரண்டாவது பக்கம். சத்தமா."

அவன் படித்தான். 'தந்தையிடமும் இல்லை' என்ற இடத்தில் குரல் உடைந்தது. நாத்தனார் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அடுத்த மாதம் காதில் நீர் வடிய ஒரு சின்ன குழாய் வைத்தார்கள். லீவு போட்டு ஆஸ்பத்திரியில் இருந்தவன் அவன்தான். அது அவள் போட்ட உத்தரவு. மூன்றாம் நாள், பின்னாலிருந்து அவள் கூப்பிட்டதும் பிள்ளை திரும்பிப் பார்த்தது. அவன் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். அடுத்த பரிசோதனைக்கான சீட்டை அவனிடம் நீட்டினாள்.