பெருச்சாளியாரின் பழைய பெட்டி

பெருச்சாளியார் காலையில் கண்ணாடி முன்னால் நின்றால் எளிதில் நகர மாட்டார். முன்பக்கம் பார்ப்பார், பக்கவாட்டில் பார்ப்பார், கோட்டின் காலரை நிமிர்த்துவார், மூக்குக்கண்ணாடியை ஒரு நூல் அளவுக்கு இறக்கிப் பார்ப்பார். குறை ஒன்றும் இருக்காது. இருந்தாலும் தேடுவார். அந்தக் காலத்து ஆள் ஒரு மீசை முடியிலாவது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறானா என்று தேடுவார்.

அந்தக் காலத்து ஆளுக்குப் பெயர் தொப்பு. கோடு போட்ட கால்சட்டை, பானை வயிறு, பாதி முகத்தை அடைத்துக்கொண்ட மூக்கு. வாராவாரம் டிவியில் ஒரு சமையலறைக்குள் நுழைவான், ரொட்டியைத் திருடுவான், சமையல்காரி கையால் வாணலி அடி வாங்குவான், தொப் என்று விழுவான். விழுந்த இடத்திலேயே பல்லைக் காட்டி இளிப்பான். கதை அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். அப்படி உருண்ட பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகி, இதெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கும் என்று கண்டுபிடித்தார்கள். கார்ட்டூன் கம்பெனி தொப்புவை மறுபடி வரைந்தது. வயிறு போனது, மூக்கு சுருங்கியது, கோட்டு வந்தது. 'நல்ல பிள்ளைக்கு நாலு வார்த்தை' என்று ஒரு நிகழ்ச்சியும், கூடவே பெருச்சாளி என்பதற்குப் பின்னால் 'ஆர்' என்ற மரியாதையும் வந்து ஒட்டிக்கொண்டன. தொப்புவைப் பற்றி யாராவது கேட்டால், "அப்படி ஒருவன் இருந்ததாகக் கேள்வி" என்பார் பெருச்சாளியார்.

கம்பெனிக்காரர்கள் சிக்கனக்காரர்கள். அறிவுரை சொல்கிறவருக்கு எதற்கு ஓட்டமும் உருளலும் என்று, நிற்பது, பேசுவது, மெதுவாக நடப்பது, இவற்றுக்கு மட்டும்தான் புதிய படங்கள் போட்டார்கள். ஓட்டம், விழுதல், திகைப்பு, தும்மல், சிரிப்பு எல்லாம் கிடங்கில் பழைய படங்கள் கிடந்த பெட்டியிலேயே இருந்தன. அவர் ஓட நேர்ந்தால் பழைய படம்தான் வந்து ஓடும். கோட்டு மறைந்து, கோடு போட்ட கால்சட்டையும் வயிறுமாகத் தொப்பு ஓடுவான். நின்றதும் மறுபடி பெருச்சாளியார் ஆகிவிடுவார். இது அவருக்குத் தெரியும். அதனால் பஸ் போனாலும் ஓட மாட்டார், பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் திகைக்க மாட்டார். யார் என்ன நகைச்சுவை சொன்னாலும் முகம் கல்லாக இருக்கும். பார்த்தவர்கள், "என்ன நிதானம், என்ன நிதானம்" என்று மாய்ந்துபோனார்கள்.

அவருடைய மனைவி ஒரு வாத்து. பெருச்சாளிக்கும் வாத்துக்கும் எப்படிக் கல்யாணம் என்று கேட்கிறவர்கள் கார்ட்டூன் பார்த்ததே இல்லை. அந்தச் சமையல்காரி இவள்தான். இத்தனை வருடம் ஒருத்தனைத் துரத்தித் துரத்தி அடித்தபின் வேறு யாரைக் கட்டிக்கொள்வது என்று இவனையே கட்டிக்கொண்டாள். அவளையும் கம்பெனி இடுப்பும் இமையுமாக மறுபடி வரைந்திருந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. பால் பொங்கினால் ஓடுவாள். பழைய ஏப்ரனும் பருத்த பின்பக்கமுமாகப் படபடவென்று ஓடி அடுப்பை அணைத்துவிட்டு, மறுபடி இடுப்போடு வந்து உட்காருவாள். அக்கம்பக்கத்தில் யாரும் இதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. பெருச்சாளியாருக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் மானம் போகும்.

இப்படி இருக்கும்போது கார்ட்டூன் கண்ணியக் குழுவின் தலைவர் பதவி காலியானது. எந்தப் பழைய கார்ட்டூனைக் காட்டலாம், எதை ஒழிக்கலாம் என்று சொல்கிற குழு அது. தலைவரிடம் பழைய படங்கள் கிடக்கிற கிடங்கின் சாவி இருக்கும். ஒழி என்று அவர் கையெழுத்துப் போட்டால் ஒழித்துவிட வேண்டியதுதான். பெருச்சாளியாருக்கு அந்தச் சாவி கனவிலும் மின்னியது.

"தலைவரானதும் முதல் வேலையாக அந்தப் பெட்டியைக் கொளுத்துவேன், துணைவியே," என்றார் சாப்பாட்டு மேசையில். மறுபடி வரைந்ததிலிருந்து வீட்டில்கூட அவர் மேடைத் தமிழ்தான்.

"கொளுத்திட்டு? பஸ்ஸுக்கு ஓடணும்னா என்னங்க பண்ணுவீங்க?"

"தலைவருக்குக் கார் வரும்."

"தும்மல் வந்தா?"

"வராது."

"சிரிப்பு வந்தா?"

இதற்கு அவர் தண்ணீர் குடித்தார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டே, அதே பெட்டியில்தான் தானும் இருப்பதாக ஞாபகப்படுத்தினாள். அவளுடையதை அவள் எடுத்துக்கொள்ளலாம் என்று பெருச்சாளியார் பெருந்தன்மையோடு அனுமதி கொடுத்தார். இன்னும் கிடைக்காத பதவியை வைத்து அவர் செய்த முதல் உதவி அது.

தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்பினர்கள் மூன்று பேர். தியானம் கற்றுக்கொடுக்கிற முயல், ஜீவகாருண்யம் பேசுகிற பூனை, அளவோடு உண்பது பற்றிப் புத்தகம் போட்ட கரடி. மூவரும் நிதானத்துக்குப் பேர் போனவர்கள். மூவருமே மறுபடி வரையப்பட்டவர்கள் என்பதும், அதற்கு முன்னால் என்னவாக இருந்தார்கள் என்பதும் ஊர் மறந்துபோன சங்கதி. போட்டியிடுகிறவர் பொதுமேடையில் பேச வேண்டும், மூவரும் மேடையிலேயே உட்கார்ந்து மதிப்பிடுவார்கள் என்பது ஏற்பாடு.

அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் மனைவி. பெருச்சாளியார் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, முகவாயை உயர்த்தி, மேற்கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பெரியவர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. பேசிக்கொண்டே மெல்ல நடந்தார். கோபத்தைத் தொட்டார், ஒழுக்கத்தைத் தொட்டார், மேடையின் விளிம்பைத் தொட்டார், தாண்டினார்.

கார்ட்டூன் பிறவிகளுக்கு ஒரு பழைய சலுகை உண்டு. காலுக்கடியில் தரை இல்லாவிட்டாலும், கீழே பார்க்காதவரை விழ மாட்டார்கள். பெருச்சாளியார் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே, வெறும் காற்றில், உலாவிக்கொண்டே பேசினார். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. அந்த அமைதியைத் தன் பேச்சின் கனம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மனைவி இரண்டு இறக்கைகளாலும் "திரும்புங்க, திரும்புங்க" என்று சைகை காட்டினாள். கைதட்டுகிறாள் என்று நினைத்துத் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொண்டார்.

"நம்முடைய இறந்தகாலம் நம் காலைப் பிடித்துக் கீழே இழுக்க ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது," என்று குரலை உயர்த்தினார்.

மேடையிலிருந்த பூனைக்கு நல்ல மனசு. "ஐயா, கீழ மட்டும் பாத்துடாதீங்க," என்றது.

யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

பார்த்தார். கண் இரண்டும் தட்டு அளவுக்கு விரிந்தன. கோட்டு போனது, வயிறு வந்தது, மூக்கு வந்தது. காற்றில் நாலு எட்டு ஓடிப் பார்த்தான் தொப்பு. பிறகு தொப்.

மண்டபம் சிரிப்பில் இடிந்தது. ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. இதைப் பார்த்து மேடையிலிருந்த மூவரும் திகைத்தார்கள். அவர்களுடைய திகைப்பும் பழைய பெட்டியில்தான் இருந்தது. தியான முயலின் காவி உடை மறைந்து, திரி எரிகிற வெடிகுண்டு ஒன்று கைக்கு வந்தது. பழக்கதோஷத்தில் அதைக் கரடியிடம் நீட்டியது. கரடி, அதுவும் பழக்கதோஷத்தில், அதை வாயில் போட்டு விழுங்கியது. ஜீவகாருண்யப் பூனை அந்த இடைவெளியில் மற்ற இருவர் வாலையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தது. டமால் என்று ஒரு சத்தம். புகை விலகியபோது நான்கு பெரியவர்களும் மறுபடி கண்ணியமாக நிமிர்ந்து நின்றிருந்தார்கள், காதிலிருந்து லேசாகப் புகை வந்ததைத் தவிர.

பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு நால்வரும் உட்கார்ந்தார்கள். முதலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. முயல்தான் வாயைத் திறந்தது.

"நீங்க எதையும் பாக்கலை. நாங்களும் எதையும் பாக்கலை."

"வெளியில பாத்தவங்க?" என்றது பூனை.

"அவங்க சிரிச்சாங்கல்ல? சிரிச்சவங்க சாட்சி செல்லாது," என்றது கரடி, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

பழைய பெட்டிகளை ஒழிப்பதில் இவரைவிட அக்கறையுள்ள ஆள் கிடைக்காது என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. தேர்வு ஒருமனதாக முடிந்தது. பெருச்சாளியார் கைக்குச் சாவி வந்தது. விழுந்த இடத்தில் இடுப்பு இன்னும் வலித்துக்கொண்டிருந்தாலும், உலகம் நியாயமானதுதான் என்று அவருக்குப் பட்டது.

மறுநாள் காலையிலேயே கிடங்கைத் திறந்தார்கள். வாத்து வந்து தரையில் உட்கார்ந்து, தன் படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவசரமே படவில்லை. சில தாள்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். பெருச்சாளியார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசியில் தாள் கட்டு ஒன்றை இறக்கையில் இடுக்கிக்கொண்டு எழுந்தவள், "நல்லா யோசிச்சுக்கங்க," என்றாள். யோசித்தாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டார். நால்வருடைய பழைய பெட்டிகளையும் அலுவலகத்தின் பின்முற்றத்தில் போட்டு நெருப்பு வைத்தார்கள். நால்வரும் மாடிக்குப் போய், ஜன்னல் வழியாக அதைப் பார்த்தபடி, கண்ணியம் குறித்த முதல் கூட்டத்தைத் தொடங்கினார்கள்.

காற்று திரும்பும் என்று எந்தத் தீர்மானத்திலும் இல்லை. திரும்பியது. தீப்பொறி ஒன்று ஜன்னல் திரையில் உட்கார்ந்தது, திரை அலமாரிக்குச் சொன்னது, அலமாரி கூரைக்குச் சொன்னது.

ஓட வேண்டிய நேரம் அது. நால்வரும் ஓட முயன்றார்கள். ஓட்டம்தான் முற்றத்தில் எரிந்துகொண்டிருந்ததே. கால் எடுத்துவைத்தால் நிதானமான, கம்பீரமான, பார்த்தவர்கள் மாய்ந்துபோகிற அந்த நடைதான் வந்தது. அலற வாயைத் திறந்தார்கள், பேச்சுதான் வந்தது.

"தீ என்பது கவனிக்கப்பட வேண்டிய ஒன்று," என்றார் பெருச்சாளியார், வால் கருகிக்கொண்டிருக்கும்போது.

"முன்மொழிந்ததை நான் வழிமொழிகிறேன்," என்றது முயல்.

அந்த வேகத்தில் போயிருந்தால் வாசலுக்கு அவர்களுக்கு முன்னால் நெருப்பு போய்ச் சேர்ந்திருக்கும். தெருக்கோடியில் புகையைப் பார்த்த வாத்து, ஏப்ரன் பறக்க ஓடி வந்தாள். படியில் மூன்று மூன்றாகத் தாவினாள். கோப்பு தள்ளுகிற வண்டியில் மூவரை அடுக்கி, புருஷனைக் கக்கத்தில் இடுக்கி, படி முழுக்கத் தடதடவென்று இறக்கிக்கொண்டு வந்து தெருவில் கொட்டினாள்.

"மெதுவாக," என்றார் கக்கத்திலிருந்து பெருச்சாளியார். "மக்கள் பார்க்கிறார்கள்."

அடுத்த நாள் பத்திரிகையில், தீ சூழ்ந்தும் இமை அசையாத தலைவர் என்று படத்தோடு வந்தது. வாத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது, ஓடிவந்து இடைஞ்சல் செய்த பெண்மணி என்று. அதைப் படித்துவிட்டு அவள் சமையலறையில் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கண்ணாடி முன்னால் நின்றவர் காதில் விழுந்தது.

தேடிப் பார்த்தார். மீசை முடியில்கூட அவன் இல்லை. முழுக்கச் சுத்தம். ஆசைப்பட்டது அதுதான். ஆனால் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கக் கேட்க, அவருக்கும் அடிவயிற்றில் ஏதோ கிளம்பியது. எவ்வளவோ வருடமாக அடக்கி வைத்தது; இன்று யாரும் பார்க்கவில்லை, சிரித்துவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"சிரிப்பு உடல்நலத்துக்கு உகந்தது," என்று வந்தது.

மறுபடி முயன்றார். "அளவோடு சிரிப்பது நன்று," என்று வந்தது.

கண்ணாடியில் தெரிந்தவர் மிகவும் கண்ணியமாக இருந்தார். பெருச்சாளியாருக்கு முதல்முறையாக அந்த ஆளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

சிரிப்பு அடங்கி வந்து அறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, உள்ளே போய்த் தன் தாள் கட்டை எடுத்துவந்து பிரித்தாள். கொஞ்சம் தாள்களைத் தனியே வைத்தாள். அவற்றில் அவள் கை வாணலியும் தொப்புவின் முகமும் ஒரே தாளில் வரையப்பட்டவை. அடி, விழுதல், அதன்பின் இளிப்பு.

"பாதியாக் கிழிக்க முடியல. அதான் முழுசா எடுத்துட்டு வந்தேன்," என்றாள். "உங்களோடதுல மிச்சம் இருக்கறது இவ்வளவுதான். அதுவும் நான் அடிச்சாத்தான் வரும்."

அவர் அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு போய் ஜன்னலைச் சாத்தினார், திரையை இழுத்துவிட்டார், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். மேடைத் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"வாணலி எங்க இருக்கு?"

கிணுங். வயிறு வந்தது, மூக்கு வந்தது. தொப். தரையில் கிடந்து தொப்பு, இருக்கிற பல் எல்லாம் தெரிய இளித்தான். பிறகு எழுந்து கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார் பெருச்சாளியார். அதற்குப்பின் தினமும் சாயங்காலம் முக்கிய வேலை என்று கூட்டத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

பகலில் தலைவர் வேலை குறைவில்லாமல் நடந்தது. கார்ட்டூன் பிறவிகள் திரையிலோ வீட்டிலோ யார் மீதும் வாணலியை ஓங்குவது குற்றம் என்று ஒரு விதி கொண்டுவந்து, மூவர் கைதட்ட நிறைவேற்றினார். அது பத்திரிகையில் வந்த சாயங்காலம், வழக்கம்போல வீட்டுக்கு வந்து, திரையை இழுத்துவிட்டு, சமையலறை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

வாத்து பத்திரிகையை மடித்து வைத்தாள். வாணலியைக் கழுவி, துடைத்து, ஆணியில் மாட்டினாள்.

"தடை பண்ணிட்டீங்களாமே," என்றாள். "சட்டத்தை மதிக்கிற குடும்பம் நம்மளுது."

சொல்லிவிட்டு விளக்கை அணைத்துக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். பெருச்சாளியார் இருந்த இடத்திலேயே நின்றார். நிற்பது அவருக்கு நன்றாக வரும்.