தணிகாசலத்தின் முழங்கால்

மே பத்தாம் தேதி சனிக்கிழமை மாலை நாலு இருபதுக்கு, செம்மணல்பேட்டை டயர் திடலில் நாற்பத்தொரு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்றைய முறைக்காரர் தணிகாசலம் ஊரில் இல்லை.

எங்கள் ஊரில், திடலில் ஒரு பிள்ளை விழுந்தால் காயம் அந்தப் பிள்ளைக்கு வராது. அன்றைக்கு யார் முறையோ அவருக்கு வரும். பிள்ளை எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஏறும். ஊருக்குள் எங்கோ ஒரு பெரியவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொள்வார். திடல் தொடங்கிய முதல் கோடையிலிருந்தே இப்படித்தான்.

திடல் என்பது பழைய செங்கல் சூளை இருந்த இடம். குடியிருப்போர் சங்கம் அதைச் சுத்தம் செய்து லாரி டயர்களையும் தார் டிரம்களையும் மூங்கில்களையும் கயிறுகளையும் கொண்டுவந்து போட்டது. நடுவில் சக்கரமில்லாத ஒரு லாரி நிற்கிறது. அதன் கேபின் கூரையிலிருந்து மணலில் குதிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய விளையாட்டு. திடலைப் பார்த்துக்கொள்பவர் ஜெசிந்தா. பால்வாடியில் வேலை பார்த்து வந்தவர். பிள்ளைகளுக்கு ஜெசிந்தாக்கா. தினமும் காலையில் லாரிக் கதவில் சாக்பீஸால் அன்றைய முறைக்காரரின் பெயரை எழுதுவது அவர் வேலை.

முறை வருகிற நாளில் சில வழக்கங்கள் உண்டு. ஆண்கள் முழங்கால் தெரிய வேட்டியை மடித்துக் கட்டுவார்கள். பெண்கள் கண்ணாடி வளையலைக் கழற்றி வைப்பார்கள். சலூன் ஏகாம்பரம் கத்தியைத் தொடமாட்டார். மினி பஸ் ஓட்டுநர் விடுப்பு எடுப்பார். பிள்ளைகளும் யார் பெயர் என்று பார்த்துத்தான் விளையாடுவார்கள். சபூரா அம்மாளுக்குச் சர்க்கரை. அவர் முறையன்று எல்லோரும் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுவார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் டேவிட் முறையன்று காலையிலேயே கேபின் கூரைக்கு வரிசை நிற்கும். டேவிட் சாயங்காலம் டீக்கடையில் முழங்கையை உயர்த்திக் காட்டுவார். "பாத்தீங்களா, இது நம்ம பேரறிவு குதிச்சது. கால ஒழுங்கா ஊனாம குதிக்கிறான். சொல்லிக் குடுக்கணும்."

என் இடது கணுக்காலில் இருக்கும் தழும்பு, என் முறையன்று ஒரு தார் டிரம்மின் விளிம்பு தந்தது. நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குச் செய்தி எழுதுகிறவன். அந்த வாரம் முழுவதும் நொண்டிக்கொண்டே செய்தி சேகரித்தேன். எல்லோரும் வழிவிட்டார்கள்.

விதி ஒன்றுதான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் காயம் வந்து சேராது. கேபிள் இணைப்பும் அந்தப் பாலத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே முறை நாளில் யாரும் பாலம் தாண்டுவதில்லை.

தணிகாசலம் சங்கத்தின் செயலாளர். கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். திடல் வேண்டும் என்று முதலில் பேசியவர் அவர்தான். 'பிள்ளைகள் பயமில்லாமல் விழட்டும்' என்று திடலின் சுற்றுச்சுவரில் பெரிதாக எழுதி, கீழே அவர் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். அன்று அவருடைய மகனுக்குப் பெண் பார்க்கப் போகவேண்டியிருந்தது. பெண் வீடு பாலத்துக்கு அப்பால். முறையை வேறு ஒருவருக்கு மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். புது சம்பந்தி வீட்டில் மூக்கில் சிராய்ப்போடு போய் உட்கார முடியாது என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. சொல்லாமல் போய்விட்டார்.

நாலு இருபதுக்கு இளவேனி கேபின் கூரையிலிருந்து குதித்தாள். வயது ஏழு. மாவு அரைக்கும் செல்வராணியின் மகள். திடலில் அவளைவிட நன்றாக ஏறுகிறவர் இல்லை. மணலுக்குள் கிடந்த செங்கல்லில் வலது முழங்கால் பட்டது. எழுந்து மண்ணைத் தட்டினாள். தட்டிய கை சிவப்பாக இருந்தது.

அவள் அழவில்லை. ஜெசிந்தாவிடம் நடந்து போனாள்.

"அக்கா, இது யாரோடது?"

ஜெசிந்தா முதலுதவிப் பெட்டியைத் திறந்தார். அதில் கேரம் காய்கள் இருந்தன. பஞ்சு வைக்க வேண்டிய தேவை இதுவரை வந்ததில்லை. தன் துப்பட்டாவின் ஓரத்தால் காலைக் கட்டிவிட்டு, தணிகாசலத்தைக் கைபேசியில் கூப்பிட்டார்.

"சார், எங்க இருக்கீங்க?"

"இங்கதாம்மா. கடையிலதான்."

அவருக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் வேறு ஊரின் பெயரை மூன்று முறை கூவினார். இரண்டு பேரும் அது முடியும்வரை காத்திருந்தார்கள்.

"சரிங்க சார்," என்றார் ஜெசிந்தா.

தணிகாசலம் பொழுது சாயும் வேளையில் திரும்பி வந்தார். நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. முகத்தில் ஒரு கீறல் இல்லை. அவர் வீட்டு கேட்டுக்கு வெளியே இளவேனி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, உங்க காயம் எங்கிட்ட இருக்கு. எப்ப வாங்கிக்கிறீங்க?"

தெருவில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நானும் நின்றிருந்தேன். அவர் தாம்பூலப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"நாளைக்கு," என்றார்.

நான் அதை மூன்று வரிச் செய்தியாக அனுப்பினேன். 'குழந்தை விழுந்ததில் குழந்தைக்குக் காயம்' என்பது தலைப்பு. அலுவலகத்திலிருந்து முறைக்காரரின் பெயரைப் போடவேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். பெயர் இல்லாமல் வந்த செய்தியை ஊரில் எல்லோரும் அவர் கடை வாசலில் நின்று படித்தார்கள்.

மறுநாள் தணிகாசலம் முறையில்லாமலே தன் பெயரை எழுதச் சொன்னார். ஜெசிந்தா எழுதினார். பிள்ளைகள் வந்தார்கள், லாரிக் கதவைப் படித்தார்கள், மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். அஞ்சாங்கல் கூட ஆடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திடலின் நடுவில் நின்றார்.

"ஏன்டா உக்காந்திருக்கீங்க? போய் ஏறுங்கடா."

"பரவால்ல மாமா," என்றான் பேரறிவு.

"நான் இங்கதான்டா இருக்கேன்."

"அன்னிக்கும் இங்கதான் இருக்கேன்னுதான் சொன்னீங்களாம்."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அதற்கடுத்த நாள் குச்சி ஐஸ் வண்டியைத் திடலுக்கே வரவழைத்தார். பிள்ளைகள் வாங்கித் தின்றார்கள். குச்சியைத் தொட்டியில் போட்டுவிட்டு, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு வாரத்துக்குள் ஊர் முழுவதற்கும் தணிகாசலத்தின் முழங்கால் தெரிந்துவிட்டது. வெளுப்பாக, வழவழப்பாக, பாத்திரக்கடையில் கழுவிக் கவிழ்த்த கிண்ணம் போல இருந்தது. ஊரில் அப்படி ஒரு முழங்கால் வேறு யாருக்கும் இல்லை. அவர் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் தங்கள் தழும்புகளை வேட்டியால் மூடிக்கொண்டார்கள். மரியாதைக்காகத்தான் மூடினார்கள். அவர் அரை கிளாஸோடு எழுந்து போய்விடுவார்.

"முழுக்கால் பேன்ட் போட்டுக்கிட்டுப் போங்க," என்று அவர் மனைவி வசந்தா சொன்னது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "போற வர்றவங்க எல்லாம் அங்கயே பாக்குறாங்க. என்னால வெளிய தலை காட்ட முடியல."

ஒரு நாள் காலையில் முழங்காலில் சிராய்ப்போடு சலூனுக்கு வந்தார். ஏகாம்பரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"சார், இது சுவத்துல தேச்சது."

"விழுந்ததுப்பா."

"விழுந்தா நடுவுல ஆழமா இருக்கும், ஓரத்துல மண்ணு இருக்கும். இது மேலாப்புல ஒரே சீரா இருக்கு. சுண்ணாம்பு வேற ஒட்டியிருக்கு." ஏகாம்பரம் துண்டை உதறினார். "ஷேவிங்கா, கட்டிங்கா சார்?"

சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. நிச்சயதார்த்தத்துக்கு ஊரையே அழைத்தார். எல்லோரும் போனோம், சாப்பிட்டோம், சாம்பார் நன்றாக இருந்தது என்று சொன்னோம். படம் எடுக்கும்போது மட்டும் எங்களுக்கெல்லாம் கைகழுவ வேண்டியிருந்தது. படத்தில் தணிகாசலத்தின் முகம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது.

இதற்கிடையில் இளவேனியின் காயம் காய்ந்து பக்கு கட்டியது. பக்கு உதிர்ந்தபின் அவள் ஏறவில்லை. டேவிட் முறையன்றும் ஏறவில்லை. லாரியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஆள் ஊர்ல இருக்காங்களா?" என்று கேட்பாள். இருக்கிறார் என்று ஜெசிந்தா சொல்வார். "எந்த எடத்துல?" என்பாள். இடத்தையும் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் காலை எடுத்துவிடுவாள். மற்ற பிள்ளைகளும் கேட்கத் தொடங்கினார்கள். முறைக்காரர்கள் மணிக்கொரு தரம் திடலுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகவேண்டி வந்தது. சபூரா அம்மாள் வெயிலில் நடந்து வந்து காட்டினார். இப்படியே போனால் அடுத்த கோடைக்குத் திடல் வேண்டாம் என்று சங்கத்தில் பேச்சு எழுந்தது. அந்தக் கூட்டத்துக்குச் செயலாளர் வரவில்லை.

மே முப்பத்தொன்றாம் தேதி தணிகாசலத்தின் முறை ஒழுங்காகவே வந்தது. விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. அவர் காலையிலேயே வந்து, சுற்றுச்சுவரில் தன் பெயருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். மதியம் வரை யாரும் ஏறவில்லை. பிறகு இளவேனி எழுந்தாள்.

"உக்காருடி," என்றார் செல்வராணி சுவருக்கு வெளியிலிருந்து. கையில் மாவு காயாமல் இருந்தது. "ஒரு தடவ பட்டது போதாதா?"

"ஒரே ஒரு தடவ பாக்குறேம்மா."

அவள் தணிகாசலத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, பாலம் தாண்டிப் போக மாட்டீங்கல்ல?"

"மாட்டேம்மா."

"செருப்பக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் செருப்புகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறி, அவற்றை லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் மாட்டினாள். இழுத்துப் பார்த்துவிட்டுக் கூரைக்குப் போனாள். அங்கிருந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் அவளையே பார்த்தார். அவர் உதடு அசைந்தது. குதி என்று சொன்னாரா, வேண்டாம் என்று சொன்னாரா என்று தெரியவில்லை.

குதித்தாள். நன்றாகவே விழுந்தாள். சத்தம் சுவருக்கு வெளியே கேட்டது. எழுந்து முழங்காலைப் பார்த்தாள். மணல் மட்டும் ஒட்டியிருந்தது. தட்டினாள். கை சுத்தமாக இருந்தது. நொண்டாமல் அவரிடம் ஓடினாள்.

"வந்துச்சா மாமா?"

தணிகாசலம் இரண்டு கையாலும் வலது முழங்காலை மூடியிருந்தார்.

"வந்துடுச்சும்மா," என்றார்.

"கையெடுங்க, பாக்குறேன்."

அவர் எடுக்கவில்லை. அவள் காத்திருந்தாள். பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள். ஜெசிந்தா லாரிக்குப் பின்னால் போய் டயரை நகர்த்துவது போல ஏதோ செய்தார். நான் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தேன். இளவேனி அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. இன்னும் சிறிது நேரம் நின்றுவிட்டு, தன் அம்மாவிடம் போய்விட்டாள். இருட்டுகிற வரை அவர் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு வெறுங்காலோடு வீட்டுக்குப் போனார்.

காயம் அவளிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. அது அவரைத் தேடிப் போயிருந்தது. போன முறை அவள் விழுந்தபோது அவர் இருந்த இடம் பாலத்துக்கு அப்பால் உள்ள பஸ் நிலையம், அங்கேதான் தேடிப் போயிற்று. காயம் பாலம் தாண்டாது என்பது பாய்ந்து போகும்போதுதான். நடந்து போகத் தடையில்லை. சின்னப் பிள்ளையின் காயம் என்பதால் மெதுவாகத்தான் போயிற்று. ஜூன் நடுவில் அது பாலத்தின் கைப்பிடி ஓரமாகப் போய்க்கொண்டிருந்ததைப் பால்காரர் பார்த்தார். "லாரி வருது, ஓரமா போன்னு சொன்னேன்," என்றார்.

பள்ளி திறந்துவிட்டதால் திடல் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நடந்தது. லாரிக் கண்ணாடியில் தணிகாசலத்தின் செருப்பு தொங்கிக்கொண்டேயிருந்தது. அவர் அதை வந்து எடுக்கவில்லை, வேறு செருப்பும் வாங்கவில்லை. கடையில் வெறுங்காலோடு நின்று குடம் விற்றார்.

ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை காலை, பஸ் நிலையத்தில் ஒரு முழங்கால் காயம் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதாக அங்கிருந்து தகவல் வந்தது. தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். அது நடந்து நடந்து பெரியவர் அளவுக்கு வளர்ந்திருந்தது. வலது காலில் சரியாகப் பொருந்தியது. பிற்பகல் பஸ்ஸில் திரும்பி, பாலத்தின் இந்தப் பக்கத்தில் நொண்டிக்கொண்டு இறங்கினார். இளவேனி அங்கே செருப்போடு நின்றிருந்தாள். குனிந்து, காயத்தின் ஓரத்தில் இருந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். "என்னோடதுதான்," என்றாள். செருப்பைக் கீழே வைத்துவிட்டுத் திடலை நோக்கி ஓடினாள். தணிகாசலத்தின் கையில் இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. காயத்துக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லை என்பதால் கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் போட்டிருந்தார்.